"நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?"

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, நான்காவது கீமோவும் ஆகிவிட்டது. சிகிச்சைக்கு ஒழுங்காக வருகிறார், ஆனால் வீட்டில் பேச்சே இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். ஓவிய சிகிச்சைக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார்கள். முதலில் ஒரு கலரிங் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?" என்று தள்ளி வைத்துவிட்டார். ஒரு காலத்தில் மார்கழி முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போட்டவர். வற்புறுத்தலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். அம்மா கோபப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கோபம் வருகிறதே!

ஓவிய சிகிச்சை கட்டியைக் கரைக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாயால் சொல்ல வராததைக் கை சொல்ல இடம் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே இருப்பார்; படம் அழகா என்று பார்க்க மாட்டார்.

நான் ஆலோசகராக உட்கார்ந்திருந்த ஒரு ஓவிய சிகிச்சைக் கூடத்தில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர், மூன்று வாரமும் தாள் முழுக்க வெறும் சிவப்பையே பூசினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காவது வாரம் அவராகவே சொன்னார்: "இது அந்தச் சிவப்பு மருந்துங்க. ஏத்தின அன்னிக்கு ஒண்ணுக்கும் செவப்பாப் போகுது. ரத்தமோன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லல." டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்தின் நிறம் அது, ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பயத்தை அவர் மூன்று வாரமாகத் தனியே சுமந்திருக்கிறார்.

பெரியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், ஓவியர் ஆன்ரி மத்தீஸைச் சொல்லலாம். 1941-இல், 71 வயதில், வயிற்றில் புற்றுநோய் அறுவை சிகிச்சை. அதன்பின் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களை, நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்தபடியே கத்தரியால் வெட்டி ஒட்டினார். கடைசிக் காலத்தில் அவருடைய முக்கியமான வேலையே அதுதான். அம்மா மத்தீஸ் ஆக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து ஒட்டினாலும் போதும். கத்தரியைவிடக் கையால் கிழிப்பது நல்லது. கீமோவில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சின்ன வெட்டில்கூட ரத்தம் லேசில் நிற்காது.

இன்னும் சில விஷயங்கள். கவுண்ட் (ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) குறைவாக இருக்கும் நாட்களில் களிமண் வேண்டாம், மற்றவர்கள் தொட்ட பிரஷ்ஷும் வேண்டாம். ஆயில் பெயின்ட், டர்பன்டைன் வாடையே குமட்டலைக் கிளப்பிவிடும். வாட்டர் கலரோ கிரேயானோ போதும். சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். அப்படியிருந்தால் பென்சிலில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கினால் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இந்த மௌனம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் சாப்பாடும் போனாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது சொன்னாலோ, ஓவியத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு.

சரி, கலரிங் புத்தகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். கோலம் போட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கோல நோட்டு இருக்குமே? அடுத்த கீமோவுக்கு அதையும் ஒரு பென்சிலையும் கொண்டுபோங்கள். அம்மாவிடம் நீட்டாதீர்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் போடுங்கள்: 15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி. மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளியை விட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கண்ணில் படாமல் போகாது.