ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் டி.என்.ஏ.வில் கண்டது என்ன? அதனால் மருத்துவத்துக்கு என்ன பயன்?

டி.என்.ஏ. என்பது நம் செல்களுக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய, நீளமான இழை. உடல் உருவாகத் தேவையான குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அதன் வடிவத்தை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்.

1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைத்து, இழை இரண்டு வடிவங்களுக்கு மாறுவதைப் பிரித்துக் காட்டினார். அவருடைய ஆகப் பெரிய சாதனை இதுதான் என்பேன். இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் இழையின் எக்ஸ் கதிர்ப் படங்கள் குழம்பியே கிடந்திருக்கும். 1952 மே மாதம் அவரும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் 60 மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்ததுதான் புகழ்பெற்ற 51ஆம் படம். நடுவே பெருக்கல் குறிபோலப் புள்ளிகள். சுருள் வடிவத்தின் அடையாளம் அது.

இரவில் குடைத்துணி வழியாகத் தெருவிளக்கைப் பாருங்கள். ஒளி சிலுவைபோல் சிதறித் தெரியும். நூல்களின் நெசவுதான் காரணம். எக்ஸ் கதிரும் அணுக்களின் வரிசையில் பட்டு அப்படித்தான் சிதறுகிறது.

டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் பின்னிக்கொண்ட இரட்டைச் சுருள்; அது ஜிப்போலப் பிரியும். ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தை உருவாக்கிவிடலாம். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை இதை வைத்தே நடக்கிறது. அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் மருந்து, ஜிப்பின் பல்போல நடித்து உள்ளே நுழைந்து, வைரஸ் தன் இழையை நீட்டவிடாமல் தடுக்கிறது.

ஃபிராங்க்ளின் 1958இல், 37 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

51ஆம் படம் டி.என்.ஏ.வின் நேரடிப் புகைப்படம் என்று பலர் நினைக்கிறார்கள்; அதில் பதிந்திருப்பது சிதறிய கதிர்களின் தடம் மட்டுமே, வடிவம் கணக்குப் போட்டுக் கண்டது.