ஈரத்தில் 75, காய்ந்ததும் 45 ஏன்?

எபாக்சி பெயிண்டை ஈரத்தில் 75 மைக்ரான் கனத்துக்கு அடித்தும் காய்ந்ததும் 45தான் நிற்கிறது, பெயிண்டில் குறையா என்று கேட்டிருந்தீர்கள். பெயிண்டில் குறை இல்லை. டேட்டா ஷீட்டில் இருக்கும் 75 மைக்ரான் டிஎஃப்டி, அதாவது காய்ந்த பிறகு நிற்க வேண்டிய கனம். நீங்கள் அதையே ஈரக் கனம் என்று எடுத்துக்கொண்டு சீப்பு கேஜில் (ஈரக் கனம் அளக்கும் பல் வைத்த தகடு) 75 வந்ததும் நிறுத்தியிருப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் சொன்ன எபாக்சியின் வால்யூம் சாலிட்ஸ், அதாவது கன அளவில் காய்ந்த பிறகு மிஞ்சும் பங்கு, 60 சதவீதம், 75-இல் 60 சதவீதம் அச்சாக அந்த 45தான்.

மீதி ஆவியாகிவிடும். 75-ஐ 0.60-ஆல் வகுங்கள், ஈரத்தில் 125 வேண்டும். தின்னர் 10 சதவீதம் ஊற்றினால் கிட்டத்தட்ட 138.

ஒரு சின்னத் தகட்டில் அடித்துப் பாருங்கள். அடித்த உடனே, கரைப்பான் பறப்பதற்குள், சீப்பைச் செங்குத்தாக அழுத்தி எடுங்கள். நனைந்த கடைசிப் பல்லுக்கும் நனையாத அடுத்த பல்லுக்கும் நடுவில்தான் உண்மையான கனம்.

ஒன்று கவனம்: ஷீட்டில் எடைக் கணக்கில் இன்னொரு சாலிட்ஸ் எண்ணும் இருக்கலாம், அதைப் போட்டால் கணக்கு கெடும்.

ஏற்கெனவே அடித்து 45-இல் நிற்பதன் மேல் இன்னொரு கோட் அடிக்கலாம். ரீகோட் நேரம் (அடுத்த கோட் அடிக்க ஷீட்டில் தந்திருக்கும் கெடு) தாண்டியிருந்தால் எமரி போட்டுச் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு அடியுங்கள், அப்படியே அடித்தால் பிற்பாடு தோல் தோலாக உரியும்.