அமர்ந்திருந்து கேட்பது: சில கேள்விகள், சில பதில்கள்

தனி ஜெபத்தில் கடவுளுக்குச் செவிகொடுப்பது பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைத் தொட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு ஓரிரு வரிகளே போதும் என்று தோன்றியது. கேட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

அஸ்தம்பட்டி சகோதரி: ஐயா, காலையில் பத்து நிமிடம் மௌனமாக உட்கார்ந்தால் பால் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மாத்திரை என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. எனக்கு இது வராதோ?

வரும், சகோதரி. எல்லோருக்கும் முதலில் பால் கணக்குதான் வரும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் போய்க் கற்றுக்கொண்ட ஜான் காசியான், மனம் ஓடுகிறதே என்ற இதே முறையீட்டை எழுதிவைத்திருக்கிறார். பள்ளிக் கட்டணமே இல்லாத துறவிகளின் பாடு அது! அவர்கள் கைக்கொண்ட வழி, எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." மனம் ஓடிய ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லித் திரும்பினார்கள். திரும்பி வருவதும் ஜெபம்தான்.

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நினைவுக்கு வருவதை எழுதிவிட்டால் அது மனதை விட்டுவிடும். ஆனால் மாமியாரின் நினைவு தினமும் வருகிறதென்றால், அதைக் கவனச்சிதறல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைப் பற்றித்தான் உங்களிடம் ஏதோ சொல்லப்படுகிறதோ என்னவோ.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் செய் என்கிறது மத்தேயு 6:6. அந்த அறைக்கு நான் எங்கே போவேன்?

இயேசுவுக்கும் அறை கிடைக்கவில்லை. கப்பர்நகூமில் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது; அதனால் இருட்டோடே எழுந்து ஊருக்கு வெளியே போனார் என்று மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. பட்டறைக்கு நடந்து போகிற பாதை உங்களுக்கு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை மடம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளோடு இருக்கலாம் என்று கண்டவர். கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைக்கும்போது கவனம் வேலையில் இருக்கட்டும், தம்பி. ஒரு ஜோடி முடிந்து அடுத்ததை எடுக்கும் இடைவெளி போதும்.

பலர் கேட்டது: கேட்பது கடவுளின் குரலா, என் மனதின் ஆசையா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. 1521-இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கியவர்), பொழுதுபோகப் படிக்க வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படித்துக்கொண்டே பகற்கனவு கண்டார். வீரச்செயல் புரிந்து ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வதாக நினைத்தபோது இனித்தது. நினைத்து முடித்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப்போல வாழ்வதாக நினைத்தபோதும் இனித்தது; அந்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. நினைக்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருந்தன, வித்தியாசம் பின்னால்தான் தெரிந்தது. ஆகவே ஜெபத்தில் தோன்றியதை உடனே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நாள் கடந்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் வகுத்த விதி.

என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். நான் ஏற்கெனவே விரும்பியதையே கடவுள் சொன்னதாகத் தோன்றினால் எனக்குச் சந்தேகம் வரும். யாரிடமாவது மன்னிப்புக் கேள், அந்தக் கடனைத் திருப்பிக் கொடு என்று தோன்றினால் சந்தேகம் குறையும்.

ஒரு கல்லூரி மாணவி: எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், என்னைத் திருமணம் செய்யும்படி கர்த்தர் தன்னிடம் சொன்னதாகச் சொல்கிறார். மறுத்தால் பாவமா?

இல்லை, மகளே. உங்களிடமும் சொல்ல கர்த்தருக்குத் தெரியும். கடவுளின் பெயரை வைத்து ஒரு பெண்ணை நெருக்குவது ஜெபம் அல்ல, வற்புறுத்தல். வீட்டாரிடமும் நீங்கள் நம்பும் மூத்த பெண் ஒருவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

வேதத்தில் சிறுவன் சாமுவேல், தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியைக் குறித்துக் கடவுளிடம் ஒரு செய்தி பெறவில்லையா என்று அந்த மனிதர் வாதிடலாம். பெற்றான். ஆனால் அந்தச் சிறுவன் அதைச் சொல்லப் பயந்து விடியும்வரை படுத்திருந்தான், ஏலியே வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். அதில் அவனுக்கென்று ஒரு லாபமும் கேட்கப்படவில்லை.

ஏற்காட்டுக்குப் போய் உட்கார்ந்தால்தான் தியானம் கைகூடுமா?

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் கடவுள் இன்னும் தெளிவாகப் பேசுவார் என்று நான் நம்பவில்லை. மேலே காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களுக்கு அது வேலையிடம். போக முடிந்தால், கைபேசியை வீட்டில் விட்டுவிட்டு, கோடை விழாக் கூட்டம் இல்லாத நாளில் போங்கள்.

மனைவியை இழந்த ஒருவர்: மாதங்களாக ஜெபத்தில் ஒன்றுமே இல்லை. கடவுள் என்னை விட்டுவிட்டாரா?

ஐயா, உங்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் படியுங்கள். அது ஓர் ஆறுதல் வார்த்தையும் இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. உங்கள் வாயில் வார்த்தை இல்லாத நாளில் அதையே படித்துவிட்டு எழுந்துவிடலாம்.

ஓரேபு மலையில் தீர்க்கதரிசி எலியா கேட்ட கடவுளின் மெல்லிய சத்தத்தைப் பற்றி எல்லோரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன் அவர் சாக வேண்டும் என்று கேட்டுச் செடியின் கீழ் படுத்தபோது, தூதன் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிடு என்றான், தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடு என்றான். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. ஞாயிறு மாலையில் யாராவது உங்களோடு வந்து உட்கார வேண்டுமென்று போதகரிடம் கேளுங்கள். பேசாமல் உட்காரத் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.

ஒரு தாய்: என் மகன் காதில் குரல் கேட்கிறது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளச் சொல்கிறது என்கிறான். உபவாச ஜெபம் போதுமா?

போதாது, அம்மா. இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை அவனைத் தனியே விடாதீர்கள். ஜெபியுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி, பர்திமேயு. ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு மெதுவாக இன்னொரு முறை. பார்வையற்ற மனிதனிடம் இயேசு, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருங்கள். பதில் நாளுக்கு நாள் மாறினால் மாறட்டும். அடுத்த வாரம் சங்கீதம் 131, மூன்றே வசனங்கள்தான்.