குடலிறக்க அறுவைச் சிகிச்சை: உங்கள் இரண்டு வயது மகனுக்காக

வணக்கம். அடுத்த வாரம் மகனுக்குத் தொடை மடிப்பில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை என்றும், மயக்க மருந்தை நினைத்தே உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் மகனுக்கும் அதே வயதில் இது நடந்தது. பெரியவர்களுக்கு வைப்பதுபோல் குழந்தைகளுக்குப் பொதுவாகச் செயற்கை வலை வைப்பதில்லை; பிறப்பை ஒட்டி மூடியிருக்க வேண்டிய பை ஒன்று திறந்தே நின்றுவிட்டதால் குடல் அதற்குள் இறங்கித் தொடை மடிப்பில் புடைக்கிறது; சிறிதாகக் கீறி அந்தப் பையைக் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உண்மையில் கடினமானது காலைப் பட்டினிதான். திட உணவையும் பசும்பாலையும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம் என்றாலும், உங்கள் மயக்கவியல் மருத்துவர் சொல்லும் கணக்கே இறுதியானது. எங்கள் வீட்டில் பாட்டி இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட்டால் சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மயக்கம் தெளியும்போது, பெற்றவர்களையே அடையாளம் தெரியாததுபோல் பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக் கதறக்கூடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். விதைப்பை சில நாள் வீங்கியிருப்பதும் இயல்பே. ஆனால் அறுவைக்கு முன்பே அந்தப் புடைப்பு கல்போல் இறுகி, உள்ளே போக மறுத்து, வாந்தியும் வந்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.