ஏ.சி. கம்ப்ரசர் ஏன் பழுதாகிறது, அதை மாற்ற ஏன் இவ்வளவு செலவாகிறது?

கம்ப்ரசர் என்பது வெளிப்பெட்டிக்குள் இருந்துகொண்டு, அறையின் வெப்பத்தைச் சுமந்து வரும் வாயுவை அழுத்தித் தள்ளும் மோட்டார் பம்பு ஆகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட வாயுவும் வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. அதனால்தான் திருத்தணியின் மே மாத வெயிலிலும் அது தன் வெப்பத்தை வெளியே இறக்கிவிட முடிகிறது.

அந்த வெப்பம் இறங்க வழியில்லாதபோது கம்ப்ரசர் திணறுகிறது. நகரி, பொதட்டூர்ப்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் விசைத்தறிப் பஞ்சும் தெருப்புழுதியும் வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடுவதால், அழுத்தமும் மின்செலவும் கூடி, நாளடைவில் மோட்டாரின் செம்புச் சுருளே கருகிப்போகலாம். கோடையில் மாதம் ஒருமுறையாவது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தகடுகள் வளையாதபடி மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பஞ்சை நீக்குங்கள். செலவே இல்லாத இந்த வேலையைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் அவசியம்.

ஒன்றரை டன் ஏ.சி.க்குக் கம்ப்ரசர் மாற்ற, வாயுவும் கூலியும் சேர்த்துப் பெரும்பாலும் 10,000 ரூபாயைத் தாண்டும். பல நிறுவனங்கள் கம்ப்ரசருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன என்றாலும், வாயுவும் கூலியும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடிந்த பழைய ஏ.சி.க்கு இவ்வளவு செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று பலர் நம்புவது தவறு: மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு தானாகத் தீராது, குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்புவது வீண்.