மாலையில் கோத்த பிறகு மணி விரிசல் விடுவது

சுடரில் உருக்கிச் செய்த கண்ணாடி மணிகள் ஆறிய அன்று நன்றாக இருக்கின்றன, மாலையாகக் கோத்த 10 நாளில் விரிசல் விடுகின்றன, தொழிலையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். உங்கள் கையில் குறை இல்லை.

வெர்மிகுலைட்டில் (சூட்டைத் தாங்கும் கனிமத் துகள்) புதைத்து ஆறவிட்டதாகச் சொன்னீர்களே, சிக்கல் அங்கேதான். அது சூட்டை மெல்ல இறக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் தங்கிய இறுக்கத்தைப் போக்காது. அதற்கு மின்சூளை வேண்டும். இத்தாலியின் முரானோ எஃபெத்ரே குச்சிகள் போன்ற, குறைந்த சூட்டிலேயே இளகும் மென்கண்ணாடி என்றால் 500 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் மிக மெதுவாக இறக்குங்கள். பெரிய மணிக்கு இன்னும் நேரம் கொடுங்கள்.

விரிசல் மணியில் பதித்த பூ இதழைச் சுற்றியே ஓடுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒன்றுக்கொன்று சேராத கண்ணாடி வகைகள் கலந்துவிட்டன. விரிவுக் குணகம் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்ற அளவு) 104 உள்ள கண்ணாடிக் குச்சியோடு 90 சேராது, 33 உள்ள போரோசிலிக்கேட் சேரவே சேராது. எந்தச் சூளையும் அதைக் காப்பாற்றாது. குச்சிகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

ஆனால் இன்னும் உடையாத மணிகளைத் தூக்கி எறியாதீர்கள். மாலையைப் பிரித்து, குளிர்ந்த சூளையில் அடுக்கி மெல்லச் சூடேற்றினால் இப்போதும் மேலே சொன்னபடி இறுக்கத்தைப் போக்கிப் பதப்படுத்தலாம். என் முதல் வருட மணிகளை அப்படித்தான் மீட்டேன்.