வீட்டு வானிலைக் கருவி ரிப்பேர்: கேள்வி பதில்

தங்கச்சிமடம்: ஈரப்பதம் ராத்திரி பகல் 99-லயே நிக்குது சார். சென்சார் போச்சா?

போயிருக்கலாம். அதற்கு முன் உப்பைப் பாருங்கள். கடல்காற்றில் வரும் உப்பு சென்சாரைச் சுற்றிப் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்து நிற்கும். நம் பக்கம் ராத்திரியில் 75-ஐத் தாண்டாத நாள் குறைவு. ஆக, உங்கள் சென்சார் அளப்பது காற்றை இல்லை, தன்மேல் இருக்கும் உப்புத்தண்ணியை.

சென்சாரை மூடியிருக்கும் வெள்ளைத் தட்டுக் கூட்டைக் கழற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். சென்சாரில் தண்ணீர் படக்கூடாது, மெல்லிய பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிடுங்கள்.

பிறகு சோதனை. பாட்டில் மூடி நிறைய பாக்கெட் உப்பு, அதில் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர். ஈர மணல் பதத்துக்கு வரவேண்டும், கரைந்துவிடக் கூடாது. இதையும் சென்சாரையும் ஒன்றோடொன்று படாமல் காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் வீட்டுக்குள் வையுங்கள். 75 காட்டினால் சென்சார் நல்லது. 79, 80 என்றால் கன்சோலில் (வீட்டுக்குள் அளவு காட்டும் திரை) அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடலாம். 90 என்றால் மாற்றுங்கள். வாலிநோக்கம் உப்பளத்துக் கச்சா உப்பைப் போடாதீர்கள், அதில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அளவைக் கீழே இழுக்கும்.

கருவியின் இடுக்குகளை அடைத்து மூடும்போது புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசையைத் தொடாதீர்கள். அந்த வாடை அசிட்டிக் ஆசிட், செம்பை அரிக்கும். டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ராமேஸ்வரம்: கனமழையில எங்க மழைமானி அரசு கணக்கைவிடக் குறைவாக் காட்டுது. ஏன்?

முதலில் நேரம். வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. உங்கள் கன்சோல் நள்ளிரவில் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டையும் ஒப்பிட்டால் எப்படி ஒத்துவரும்?

அடுத்தது, 2024 நவம்பர் 20 மாதிரி ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டினால், மழைமானிக்குள் நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து மழையை எண்ணும் ஆடும் கிண்ணம் கவிழும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. அளவு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

சாதாரண மழையிலும் குறைந்தால் அளந்து பாருங்கள். புனல் வாயின் ஆரத்தை செ.மீ.யில் எடுத்து, ஆரம் × ஆரம் × 3.14. வருவதைப் 10-ஆல் வகுத்தால் 1 மி.மீ. மழைக்கு எத்தனை மில்லி என்று வரும். 11 செ.மீ. விட்டமுள்ள புனலுக்கு 9.5 மில்லி. 95 மில்லியை ஊசித்துளை போட்ட பாட்டிலில் அரை மணி நேரம் சொட்டவிட்டால் 10 மி.மீ. காட்டவேண்டும். குறைந்தால் கிண்ணத்துக்குக் கீழே உள்ள இரண்டு ஸ்குரூவையும் ஒரே அளவு உயர்த்துங்கள், கிண்ணம் சீக்கிரம் கவிழும். அதற்கு முன் புனல் ஓட்டையில் சிலந்திக்கூடு இருக்கிறதா பாருங்கள். பாதி கேஸ் அதோடு முடிந்துவிடும்.

தொண்டி: எங்களுக்கும் ஈரப்பதம் 99.

மேலே தங்கச்சிமடம்.

தேவிபட்டினம்: தினமும் சாயங்காலம் 4 மணிக்கு அழுத்தம் 3 மில்லிபார் இறங்குது. புயலா?

இல்லை. நம் அட்சரேகையில் காலை 10 மணி வாக்கில் ஏறும், மாலை 4-க்கு இறங்கும். தினமும் இப்படித்தான். நேற்று 4 மணியோடு இன்று 4 மணியை ஒப்பிடுங்கள்.

மண்டபம்: காத்து வேகம் அளக்கிற கிண்ணம் இறுகிப் போச்சுண்ணே. தேங்காய் எண்ணெய் விட்டேன், கொஞ்ச நாள் சுத்திட்டு மறுபடி நின்னுருச்சு.

எண்ணெய் உப்பையும் மணலையும் பிடித்துக் களிம்பாக்கிவிடும். கிண்ணத்தின் கழுத்தில் உள்ள சின்ன அலன் ஸ்குரூவைத் தளர்த்தி உருவுங்கள். பேரிங்கில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து, அதே நம்பரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இருபுறமும் ரப்பர் மூடி போட்ட 'டூ ஆர்.எஸ்.' வாங்குங்கள்.

கீழக்கரை: தப்பு சார். ரப்பர் மூடி உரசும். லேசான காத்துல கிண்ணம் அசையவே அசையாது. தகர மூடி 'இசட்-இசட்' தான் சரி.

உரசுவது உண்மை, கிண்ணம் சுற்றத் தொடங்கக் கூடுதல் காற்று வேண்டும். ஆனால் தகர மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, உப்பு அந்த வழியாகத்தான் போகிறது.

கீழக்கரை: அப்ப விடியக்கால லேசான காத்து கணக்குல வரவேண்டாமா?

துருப்பிடித்து நின்ற கிண்ணம் மேற்கிலிருந்து வரும் கச்சானையும் காட்டாது, வடக்கிலிருந்து வரும் வாடையையும் காட்டாது.

ஏர்வாடி: எங்க வீட்டில இசட்-இசட் தான். ரெண்டு வாடைக்காலம் தாங்கியிருக்கு.

உங்கள் வீடு கரையிலிருந்து எவ்வளவு தூரம்?

ஏர்வாடி: மூணு கிலோமீட்டர்.

அங்கே தாங்கும். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். இரண்டு பேரிங் இருந்தால், கிண்ணத்தை ஒட்டியது ரப்பர் மூடி, உள்ளே இருப்பது தகர மூடி என்று போடுங்கள், உரசல் பாதியாகும். கீழக்கரைக்காரருக்கும் பாதி வெற்றி.

மண்டபம்: கழுத்துல சிலிக்கான் வச்சு அடைச்சிரவா?

சுற்றும் பாகத்தில் எந்த சிலிக்கானும் வேண்டாம். புளிப்பு வாடை சிலிக்கான் எங்கேயுமே வேண்டாம்.

கீழக்கரை: என் வீட்டிலயும் ஈரப்பதம் 99 தான் சார்...

பேரிங்குக்கு இவ்வளவு வாதாடினீர்கள், முதல் பதிலைப் படிக்கவில்லையா?

பாம்பன்: மொபைல் ஆப்பில ஏறமாட்டேங்குது.

ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைத் தனிப்பெயரில் வைத்து, கருவியை அதில் இணையுங்கள். அதற்கு மேல் உங்கள் இணையக்காரரைக் கேளுங்கள்.

மூக்கையூர்: இதப் பார்த்து கடலுக்குப் போலாமாண்ணே?

கூடாது. இது உங்கள் மொட்டைமாடிக் காற்றை மட்டும்தான் அளக்கும். கடலுக்கு வானிலைத் துறை எச்சரிக்கையையும், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் பாருங்கள்.